கிராணியார் வீட்டு ஒயரும் மாரியாயியின் சாவும்

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாராக இருந்து ஓய்வு பெற்ற சபாபதி அவர்களே, நீங்கள் எழுதியது பொய். மாரியாயி விளக்கைத் தட்டிவிடவில்லை. அவளைக் கொன்றது உங்கள் வீட்டுப் பாய்க்கு அடியில் கிடந்த ஒயர். அந்த ஒயரில் ஒட்டுப் போட்டவன் நான். போடச் சொன்னவர் நீங்கள்.

போன மாதம் இந்த ஏட்டில் கிராணியார் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் தோட்டத்து லயங்களுக்கு மின்சார விளக்கு வரப்போகிறது, நம் ஜனங்கள் அஜாக்கிரதையானவர்கள், தீயோடு பழகத் தெரியாதவர்கள் என்று புத்தி சொல்லியிருந்தார். அதற்கு உதாரணமாக, தம் வீட்டு வேலைக்காரி ஒருத்தி மண்ணெண்ணெய் விளக்கைத் தட்டிவிட்டு வீட்டையும் கொளுத்தித் தானும் செத்தாள் என்று எழுதியிருந்தார். பெயர் போடவில்லை. லுக்குட் பக்கத்தில் அந்தக் கதை தெரிந்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்து இஞ்சினோடு கிடந்தவன். இப்போது தெமியாங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, வந்தவன் நான். இரண்டு வருஷம் வெட்டினேன். காலில் புண் வந்து ஆறாமல் போனதால் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். பால் உறைய வைத்து உருளையில் கொடுத்துச் சீட்டு இழுக்கும் ரப்பர் ஆலையைத்தான் ஸ்டோர் என்போம். அங்கே இஞ்சினுக்கு எண்ணெய் விடுபவனாகச் சேர்ந்து, துடைத்து, திட்டு வாங்கி, பத்து வருஷத்தில் இஞ்சின் டிரைவர் ஆனேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

டைனமோ வந்த பிறகுதான் கதை. பெரிய துரை பங்களாவுக்கும், ஆஸ்பத்திரிக்கும், கிராணிமார் வீடுகளுக்கும் விளக்கு என்று முடிவானது. கிராணிமார் வீட்டுக்கு ஆளுக்கு இரண்டு பல்பு. டைனமோவைப் பூட்ட சிரம்பானிலிருந்து ஓர் இஞ்சினியர் துரை வந்தார். ஆறு வாரம் எங்கள் ஸ்டோரில் தங்கினார். ஒயர் வேலை எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கொடுத்தது.

அவர் கத்த மாட்டார். அதுதான் பயம். தமிழ் தெரியாது, மலாயில் நாலு வார்த்தை பேசுவார். நான் ஓர் ஒட்டுப் போட்டுக் காட்டினால் எடுத்துப் பார்ப்பார். "தா பொலே" என்பார். முடியாது, ஆகாது என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் குறடால் அந்த ஒட்டை வெட்டிக் கால்வாயில் எறிந்துவிடுவார். முதல் நாள் பதினொரு ஒட்டு போட்டேன். பதினொன்றும் கால்வாயில் போயின.

ஒட்டு எப்படிப் போட வேண்டும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மேலே சுற்றிய நூலை உரித்து, கம்பி பளிச்சென்று வரும்வரை சுரண்ட வேண்டும். இரண்டு கம்பியையும் நேருக்கு நேர் ஒட்டக் கூடாது. ஒன்றின் ஒட்டு இங்கே என்றால் மற்றதன் ஒட்டு இரண்டு அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். முறுக்கி, ஈயம் காய்ச்சி விட வேண்டும். அதன்மேல் ரப்பர் நாடா, அதன்மேல் தார் பூசிய கறுப்பு நாடா. கடைசியில் விளக்கைப் போட்டுவிட்டுக் கால் மணி கழித்துப் புறங்கையை ஒட்டின் மேல் வைக்க வேண்டும். சூடு தெரிந்தால் வெட்டி எறி. உள்ளங்கை வேண்டாம், நம் உள்ளங்கை காய்த்துப் போனது, அதற்குச் சூடு தெரியாது. இதை அவர் வாயால் சொல்லவில்லை. என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், கையைத் திருப்பி வைத்தார்.

பியூஸ் விஷயத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மெல்லிய பியூஸ் கம்பி. அளவுக்கு மேல் கரண்டு இழுத்தால் அது உருகி அறுந்து வீட்டைக் காப்பாற்றும். அதைத் தடிப்பாக்கினால் உன்னைத் தூக்கில் போடுவேன் என்று கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். சிரித்துக்கொண்டுதான் காட்டினார். கிளம்பும்போது இரண்டு சுருள் ரப்பர் நாடாவும் நாலு சுருள் கறுப்பு நாடாவும் கொடுத்துவிட்டுப் போனார். அது இரண்டு வருஷம் வந்தது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பாதி ஜனத்தை ஊருக்குத் திருப்பிக் கப்பல் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் ஸ்டோருக்கு ஒரு பல்பு கேட்டால்கூடப் பெரிய துரை முறைப்பார். நாடா கேட்டேன். இல்லை. புது ஒயர் கேட்டேன். பழைய துண்டுகளைச் சேர்த்துக்கொள் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ரப்பர் தோட்டத்தில் இருப்பவனைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் புத்தி வராது. நாடா என்பது என்ன? ரப்பர்தானே? ஸ்டோர் முழுக்க ரப்பர் கிடக்கிறது. காயாத சீட்டில் ஒரு கீற்றுக் கிழித்து, ஒட்டின்மேல் சுற்றி, மேலே பாலைத் தடவி, சீட்டுக் காயவைக்கும் புகைக்கூண்டில் நாலு நாள் தொங்கவிட்டேன். பழுப்பாய், வழவழவென்று, சீமைச் சாமான் போலவே இருந்தது. கரண்டு கடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். கடிக்கவில்லை.

ஸ்டோரில் ஆட்களை மேய்க்கும் மண்டோருக்கு அது பெரிய வேடிக்கை. "வெள்ளக்காரன் நம்ம பால வாங்கிட்டுப் போயி நாடாவா சுத்தி நமக்கே அனுப்புறான். ராமையா இங்கயே சுத்திட்டான் லா! இனிமே கப்பலே வேணாம்!" என்று விடிகாலை ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில் நின்ற நூறு பேர் முன்னால் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எனக்குத் தெரியாதது ஒன்று. சீமை நாடா கந்தகம் கலந்து வேகவைத்த ரப்பர். சூட்டைக் கொஞ்சம் தாங்கும். நம் சீட்டு வேகாத ரப்பர். சூடு பட்டால் வெல்லப்பாகு மாதிரி இளகும், கம்பியை விட்டு வழியும், பிடித்துக்கொண்டால் எண்ணெய்த் துணி மாதிரி எரியும். புகைக்கூண்டுகள் தீப்பிடித்து எரிந்ததை நான் கண்ணால் பார்த்தவன். அப்படியும் அது மண்டையில் ஏறவில்லை. எட்டு வீட்டில் அந்த ஒட்டுகளைப் போட்டேன்.

இனி சபாபதி கிராணியார் வீடு.

கிராணியார் தினமும் மேலுக்கு வெள்ளைக் கோட்டு, காலுக்கு வெள்ளைச் சிலுவார். கஞ்சி போட்டு மடிப்பு நிற்க வேண்டும். மாரியாயி அவர் வீட்டில் துவைத்துத் தேய்ப்பவள். புருஷன் காத்தான் மரம் வெட்டுபவன். ஒரே பெண், லெட்சுமி, அப்போது எட்டோ ஒன்பதோ வயது. மாரியாயி கரிப் பெட்டியால் தேய்த்தபோது ஒரு பொறி பறந்து கோட்டுக் கையில் மிளகளவு ஓட்டை விழுந்தது. கிராணியார் அந்தக் கோட்டை ஆபீசுக்கே கொண்டுவந்து, பெரட்டில் அவளை முன்னால் நிறுத்தி, ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். "இது என்னா? சொல்லு, இது என்னா? ஒன் கண்ணா?" என்றார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. நான் அங்கேதான் இருந்தேன்.

அடுத்த மாதம் சிரம்பானிலிருந்து மின்சார இஸ்திரிப் பெட்டி வந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"ராமையா, பின் தாழ்வாரத்துல தேய்க்கணும். அங்க கரண்டு இல்ல. முன்னறை பல்புலருந்து ஒரு ஒயர இழுத்துடு."

"ஐயா, அது பல்புக்குப் போட்ட ஒயருங்க. இந்தப் பொட்டி பத்து பல்பு இழுக்கும். சூடாயிரும்."

"பங்களாவுல தொரை வச்சிருக்காரே?"

"அங்க தனி லைன், தடி ஒயருங்க."

"எனக்கும் தடி ஒயரு போடு."

"இல்லீங்களே ஐயா."

"இருக்கறத வச்சுப் போடுய்யா. ஒன் ஒட்டப் பத்தித்தான் ஊரே பேசுதே."

மூன்று துண்டு ஒயரைச் சேர்த்தேன். இரண்டு ஒட்டு. ஈயமும் தீர்ந்து போயிருந்தது, வெறுமனே முறுக்கினேன். பால் தடவினேன். முன்னறையிலிருந்து நடு அறை வழியாகப் பின் தாழ்வாரம். முதலில் சுவரோடு மேலே கொண்டுபோனேன். கிராணியார் வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிறது, கொடி கட்டினது மாதிரி அசிங்கமாக இருக்கிறது என்றார். பாய்க்கு அடியில் விடச் சொன்னார். தரையில் பாயை மூடிப் போட்டால் சூடு வெளியேற வழி இல்லை என்றேன். "சூடு வந்தா பாத்துக்கலாம்" என்றார். பாய்க்கு அடியில் விட்டேன். இரண்டாவது ஒட்டு நடு அறையில், சரியாகப் பாயின் நடுவே கிடந்தது.

முதல் நாளே பியூஸ் போனது. போட்டுக் கொடுத்தேன். மறுநாளும் போனது. மூன்றாம் நாள் ஆள் அனுப்பவில்லை, அவரே ஸ்டோருக்கு வந்தார்.

"என்னாய்யா வேல செய்யுற? தேச்சது பாதியில நிக்குது. போகாத பியூஸா போடு."

போகாத பியூஸ் என்று ஒன்று கிடையாது. போகாதது பியூஸே அல்ல. எனக்குத் தெரியும். ஆனாலும் நாலு கம்பியைச் சேர்த்து முறுக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு பியூஸ் போகவில்லை.

ஒரு தடவை மாரியாயி ஸ்டோர் வாசலுக்கு வந்து நின்றாள். "அண்ணே, அந்தப் பாயி ஒரு எடத்துல காலு சுடுது. ரப்பரு வாசன வேற வருது. வந்து பாக்குறீயளா?" என்றாள். வருகிறேன் என்றேன். உருளை ஒன்று பழுதாகிக் கிடந்தது. அந்த வாரம் நான் போகவில்லை. அடுத்த வாரம் போவதற்கு அங்கே வீடு இல்லை.

அன்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நாலு நாளாக விட்டு விட்டு மழை. துணி காயாததால் கிராணியார் வீட்டில் உள்ளேயே கொடி கட்டிப் போட்டிருந்தார்கள். மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய துரை தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் இரண்டு கோட்டும் தேய்த்தாக வேண்டும். கிராணியார் ஆபீசில். அவர் மனைவி முன் வாசலில் பக்கத்து வீட்டம்மாவோடு பேசிக்கொண்டு இருந்தார். கைக்குழந்தை நடு அறையில் தொட்டிலில்.

ஸ்டோரில் சீட்டு இழுத்து முடிந்து உருளைகளை நிறுத்தினார்கள். உருளை நின்றால் இஞ்சினுக்குப் பாரம் குறைந்து விளக்குப் பக்கம் கரண்டு ஏறும். பலகையில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பி இறக்குவது என் வேலை. திருப்பினேன். அப்போது மீட்டர் முள் ஒரு துள்ளுத் துள்ளியது. மறுபடியும் துள்ளியது. பங்களாவில் தண்ணீர்ப் பம்பு போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வெற்றிலை போட உட்கார்ந்தேன். முள் துள்ளும்போது இஞ்சினை நிறுத்தியிருந்தால் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். எட்டு வருஷமாக நானே சொல்லிக்கொள்கிறேன்.

கறுப்புப் புகையைப் பார்த்துத்தான் ஓடினேன். அத்தாப்பு ஓலைக் கூரை. நான் போய்ச் சேர்வதற்குள் நடு அறை முழுக்க நெருப்பு. மாரியாயி குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். குழந்தையை அம்மா கையில் கொடுத்தாள். இதை அந்த அம்மாவே அன்றைக்கு அழுதுகொண்டே என்னிடம் சொன்னார். கொடுத்துவிட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தாளாம். "அம்மா, ஐயா கோட்டு உள்ள இருக்கு" என்றாளாம். பிடிப்பதற்குள் ஓடிவிட்டாளாம்.

பின் தாழ்வாரத்துப் பக்கம் கிடந்தாள். கோட்டை மார்போடு சுருட்டிப் பிடித்திருந்தாள். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

சாம்பல் ஆறியதும் நான்தான் உள்ளே போனேன். பாய் இருந்த இடத்தில் கிளறினேன். இரண்டாவது ஒட்டு அகப்பட்டது. கம்பி அந்த ஓர் இடத்தில் மட்டும் உருகிக் கடுகு கடுகாய் முத்துக் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஒயரின் செம்பு முழுசாக இருந்தது. வெளியே பிடித்த தீ செம்பை அப்படி ஓரிடத்தில் உருக்காது. உள்ளே கரண்டு பொறிந்தால்தான் அப்படி உருகும். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கிராணியார் பின்னால் வந்து நின்றார்.

"அது என்னா கையில?"

காட்டினேன்.

"இந்த ஒட்டு யாரு போட்டது ராமையா?"

"நாந்தாங்க."

"பியூஸ மாத்துனது?"

"நாந்தாங்க. நீங்க சொல்லித்தானே ஐயா..."

"நான் சொன்னேன்னு எங்கயாச்சும் எழுதி இருக்கா? நாளைக்கு ஆபீசர் வருவாரு. ஒயருன்னு வாயத் தொறந்தேன்னா கைவிலங்கு ஒனக்குத்தான். ஒனக்கு நாலு புள்ள. யோசிச்சுக்க. வெளக்கு சாஞ்சிருச்சு. அவ்வளவுதான். செத்தவளுக்கு இனிமே என்னா ஆவப்போவுது?"

அந்தக் கம்பியை நானே ஆற்றில் எறிந்தேன். மறுநாள் விசாரணைக்கு வந்த அதிகாரி, விளக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு நாலே நாளில் மற்ற வீடுகளுக்கெல்லாம் போய் என் ஒட்டுகளை வெட்டி எடுத்தேன். வாயைத் திறக்காமல் அதை மட்டும் செய்தேன்.

ஆனால் கிராணியாரே, ஒன்றை நாம் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். உங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, கைப்பிடி போட்ட லாந்தர். விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கணக்கு எடுக்க அதைத்தான் தினமும் கொண்டு வருவீர்கள். விடிந்ததும் ஊதி அணைத்து ஆபீஸ் ஆணியில் மாட்டுவீர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதுதான் எடுத்துக்கொண்டு போவீர்கள். தீப்பிடித்த அன்று, தண்ணீர் வாளி எடுக்க நான் ஆபீசுக்குள் ஓடினேன். லாந்தர் ஆணியில் தொங்கிக்கொண்டு இருந்தது. வாளிக்கு ஓடிவந்த பத்துப் பேரும் பார்த்திருப்பார்கள். பட்டப்பகலில், ஆபீசில் தொங்கும் விளக்கை, வீட்டுக்குள் இருந்த மாரியாயி எப்படித் தட்டிவிட்டாள்?

காத்தானைத் தோட்டத்தில் யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. கிராணியார் வீட்டைக் கொளுத்தினவள் புருஷன் என்று தினமும் காதில் விழுந்தால் எவன் இருப்பான்? செண்டாயான் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனான். போன வருஷம் காய்ச்சலில் செத்தான்.

சென்ற வாரம் லெட்சுமி என் மகள் வீட்டைத் தேடி வந்தாள். பதினேழு வயசுப் பெண். காத்தான் போன தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை கேட்டிருக்கிறாள். அந்தத் தோட்டத்துக் கிராணிக்கு இந்த ஏடு வருகிறது. "தீ வச்சவ மவகிட்ட எப்படிப் புள்ளைங்கள விடுறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"மாமா, நீங்க அப்ப அங்க இருந்தீங்க. எங்கம்மா மெய்யாவே தட்டி வுட்டுச்சா?"

"இல்ல."

"பின்ன?"

சொன்னேன். ஒட்டு, பாய், பியூஸ், அவள் அம்மா என்னைத் தேடி வந்தது, நான் போகாதது, எல்லாவற்றையும். அவள் அழவில்லை.

"இத எங்கப்பா உசுரோட இருக்கயிலே சொல்லியிருக்கலாம்ல மாமா" என்றாள். என் மகள் கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து போனாள்.

அதனால்தான் எழுதுகிறேன். லயங்களில் விளக்கு வரப்போகிறதே, அவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பல்பிலிருந்து ஒயர் இழுத்து இன்னொன்றை எரிக்காதீர்கள். இழுத்தே ஆகவேண்டும் என்றால் முழு ஒயராக இழுங்கள், ஒட்டு வேண்டாம். பாய்க்கு அடியில், துணி மூட்டைக்குப் பின்னால் விடாதீர்கள். பியூஸ் போனால் அது உங்களிடம் ஏதோ சொல்கிறது, அதன் வாயைக் கட்டாதீர்கள். பாலைத் தடவி ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று என்னைப் போல் எவனாவது வந்தால் அடித்துத் துரத்துங்கள். இப்போதும் இரண்டு தோட்டங்களில் அப்படிச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சபாபதி அவர்களே, எனக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன். வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேச வேண்டாம். நீங்கள் பொய் எழுதிய இதே ஏட்டில், அதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். போகாத பியூஸ் போடச் சொன்னது நீங்களா இல்லையா? ஒயரைப் பாய்க்குள் தள்ளச் சொன்னது நீங்களா இல்லையா? உங்கள் பிள்ளையை வெளியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உங்கள் கோட்டுக்காக உள்ளே ஓடியவளைத் தீ வைத்தவள் என்று எந்த வாயால் சொன்னீர்கள்? நான் சொல்வது பொய் என்றால் அதையும் அங்கேயே எழுதுங்கள். அன்று ஆபீசுக்கு ஓடிவந்த பத்துப் பேரில் ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அழைத்து வருகிறேன்.

என் குற்றத்தை நான் ராமையா என்கிற என் பெயரோடு எழுதிவிட்டேன். கைவிலங்கு வந்தால் வரட்டும். லெட்சுமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அடுத்த மாதம் ஏடு வரும் நாளை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறாள்.